எபிசோட் 37: எதுவும் வாங்காம உக்காரக்கூடிய இடங்கள்

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். 'ஆக்சுவலா', 'அப்புறம் வந்து' எல்லாத்தையும் பாதியாக் குறைச்சிருக்கேன். மத்தபடி பேசினது பேசின மாதிரியே.)

பஸ்ல தொங்கிக்கிட்டு கேக்கிறவங்க, பாத்திரம் கழுவிக்கிட்டே கேக்கிறவங்க, ஆபீஸ் மீட்டிங்கை மியூட்ல போட்டுட்டு கேக்கிறவங்க, எல்லாருக்கும் வணக்கம்.

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "ப்ரோ, சென்னையில வீக்கெண்ட்னா ஒண்ணு மால், இல்லைன்னா ஈசிஆர் கஃபே. எங்க போனாலும் ரெண்டாயிரம் காலி. காசில்லாம எங்கதான் போறது?"

லிஸ்ட் இருக்கு, தர்றேன். ஆனா அந்த லிஸ்ட் எனக்கு எப்படி வந்துச்சுன்னு சொல்லாம கொடுத்தா அது பாதிப் பொய். நடுவுல மூணு மாசம் எபிசோடே வரலையே, ஞாபகம் இருக்கா? "டெக்னிக்கல் இஷ்யூ"ன்னு போஸ்ட் போட்டிருந்தேன். அப்படி ஒண்ணும் இல்ல. எனக்கு வேலை போயிருந்துச்சு.

நவம்பர் கடைசி. காலையில ஒரு மீட்டிங் இன்வைட், பதினஞ்சு நிமிஷம், தலைப்பு கூட இல்ல. சாயங்காலம் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தாச்சு. ரெண்டு மாசச் சம்பளம் கையில. என் வயசுல நிறைய பேருக்கு நடந்ததுதான், அதனால இதை நான் பெரிய சோகமா சொல்லல. பிரச்சினை என்னன்னா, டிசம்பர் கடைசியில அம்மா வர்றதா இருந்தாங்க. கோவில்பட்டியில இருந்து. அப்பா தவறினதுக்கு அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை என்கூட வந்து ஒண்ணரை மாசம் இருப்பாங்க. வேளச்சேரியில ஒரு பெட்ரூம் வீடு. அதுல எதை ஒளிக்க முடியும்?

நான் ஒளிச்சேன். தினமும் காலையில ஒன்பது மணிக்கு என் சொந்த பழைய லேப்டாப்பை பையில போட்டுக்கிட்டு, "போயிட்டு வரேம்மா"ன்னு கிளம்பிடுவேன். எங்க போறதுன்னு தெரியாம.

முதல் நாள் ஒரு காபி ஷாப். கப்புச்சினோ 280 ரூபாய். ஒண்ணே கால் மணி நேரத்துல அந்தப் பையன் வந்து, "சார், வேற ஏதாவது ஆர்டர் பண்றீங்களா?"ன்னு கேட்டான். அவன் வேலையை அவன் பாக்குறான், தப்பில்ல. ஆனா எனக்குள்ள இருக்கிற எஞ்சினியர் உடனே கணக்குப் போட்டான். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் உக்காரணும்னா ஆயிரத்து எழுநூறு, எண்ணூறு ரூபாய். வேலை இருந்தாத்தான் வேலை தேட முடியும் போல!

ரெண்டாவது நாள் பறக்கும் ரயில்ல ஏறி கோட்டூர்புரத்துல இறங்கினேன். டிக்கெட் அஞ்சு ரூபாயோ பத்து ரூபாயோ. அங்கிருந்து நடந்தா அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பர்ல திறந்தது. எட்டு ஏக்கர் வளாகம், ஒன்பது தளம். உள்ள போக ஒரு பைசா கிடையாது. குழந்தைங்களுக்குத் தனிப் பகுதி, பார்வையில்லாதவங்களுக்கு பிரெய்ல் பகுதி, நம்ம சொந்தப் புத்தகத்தையும் நோட்ஸையும் கொண்டு போய்ப் படிக்கவே ஒரு பகுதி. நான் போய் உக்காந்தது அந்தக் கடைசிப் பகுதியில.

உக்காந்து நிமிர்ந்து பாத்தா, என்னை மாதிரியே எத்தனை பேர்! டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பொண்ணுங்க, யூபிஎஸ்சிக்கு நாலாவது தடவையா படிக்கிற அண்ணன்கள், பேப்பர் படிக்க மட்டுமே வர்ற பெரியவங்க. யாரும் யாரையும் "வேற ஏதாவது வேணுமா"ன்னு கேக்கல. மத்தியானம் அம்மா கட்டிக் கொடுத்த தயிர் சாதத்தை வெளியில மரத்தடியில உக்காந்து சாப்பிடுவேன். ஏழு வாரம் அதுதான் என் ஆபீஸ்.

இந்தக் கட்டடம் கொஞ்சத்துல கைவிட்டுப் போயிருக்கும், தெரியுமா? 2011-ல அரசு இதைக் குழந்தைகள் மருத்துவமனையா மாத்தப் போறதா அறிவிச்சுது. வழக்குப் போட்டாங்க, உயர் நீதிமன்றம் தடை கொடுத்துச்சு, நூலகம் பிழைச்சுது. அப்போ நான் ஸ்கூல் பையன், செய்தியா கடந்து போச்சு. பதினாலு வருஷம் கழிச்சு அங்க ஒரு நாற்காலி எனக்குத் தேவைப்படும்னு யாருக்குத் தெரியும்?

சரி, வீக்கெண்டுக்கு வர்றேன். அம்மா வந்த முதல் சனிக்கிழமை, வேலை இருக்கிற பையன் மாதிரியே நடிக்கணும் இல்ல? ஒரு பெரிய மாலுக்குக் கூட்டிட்டுப் போனேன். கேப், படம், பாப்கார்ன், சாப்பாடு. 2,640 ரூபாய். அம்மா பாப்கார்ன் விலையை போர்டுல பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. அதுதான் பயம். எங்க அம்மா திட்டினா பரவாயில்ல, ஒண்ணும் சொல்லலைன்னா உள்ள கணக்கு ஓடுதுன்னு அர்த்தம்.

படம் முடிஞ்சு கேப்புக்கு நிக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. செடி வச்சிருந்த கிரானைட் திண்டுல உக்காந்தாங்க. செக்யூரிட்டி அண்ணன் வந்து, "அம்மா, இங்க உக்காரக் கூடாது. உள்ள ஃபுட் கோர்ட்ல போய் உக்காருங்க"ன்னார். ஃபுட் கோர்ட்ல உக்காரணும்னா மறுபடி ஏதாவது வாங்கணும். அம்மா எழுந்திரிச்சு நின்னுக்கிட்டாங்க. பன்னண்டு நிமிஷம். கேப் வர்ற வரைக்கும் நின்னாங்க.

அன்னைக்கு ராத்திரி ஒரு ரூல் போட்டேன். இனிமே சனிக்கிழமை ரெண்டு பேருக்கும் சேர்த்து 200 ரூபாய். போற இடத்துல அம்மா எதுவும் வாங்காம உக்கார முடியணும். இந்த ரெண்டுதான் கண்டிஷன்.

முதல் லாபம் பஸ்லயே கிடைச்சுது. 2021-ல இருந்து சாதாரணக் கட்டண பஸ்ல, அதாவது வெள்ளை போர்டு பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. சென்னையில முகப்புல பிங்க் பெயிண்ட் அடிச்சிருக்கும், தூரத்துல இருந்தே தெரியும். கண்டக்டர் எனக்கு மட்டும் காசு வாங்கினப்போ அம்மா முகத்துல ஒரு சிரிப்பு. "உனக்குத்தான்யா செலவு. எனக்கு ஊரே சும்மா." அதுக்கப்புறம் ஏசி பஸ் வந்தா கூட ஏற மாட்டாங்க. வெள்ளை போர்டு வர்ற வரைக்கும் நிப்போம்.

முதல் ஊர்சுற்றல், எழும்பூர் மியூசியம். 1851-ல ஆரம்பிச்சது. பழைய மெட்ராஸ்காரங்க இதை 'செத்த காலேஜ்'னு சொல்லுவாங்க. ஏன்னா மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. அந்த மிருகக்காட்சி சாலையே 1855-ல இந்த மியூசியம் வளாகத்துலதான் தொடங்குச்சு. அப்புறம் பார்க் டவுன் பக்கம் போய், 1985-ல வண்டலூர் போச்சு. உயிர் காலேஜ் ஊரைவிட்டு வெளிய போயிடுச்சு, செத்த காலேஜ் மட்டும் அதே இடத்துல இருக்கு.

திமிங்கிலத்தோட எலும்புக்கூட்டை அம்மா ரொம்ப நேரம் பாத்தாங்க. ஆனா நான் சொல்ல வந்தது வெண்கலக் கூடம். திருவாலங்காட்டு நடராசர் இருக்கிற இடம். சோழர் கால வெண்கலம், உலகம் முழுக்கப் பேசப்படுற சிலை. நான் போனை எடுத்தேன். திரும்பிப் பாத்தா அம்மா செருப்பைக் கழட்டி ஓரமா வச்சுட்டு நிக்கிறாங்க. "ம்மா, இது மியூசியம்." "அதுக்கு? சாமி சாமிதானே. பூ கூட இல்லாம நிக்குது பாரு." அங்க இருந்த பெஞ்சுல அரை மணி நேரம் உக்காந்திருந்தோம். ஒருத்தரும் எழுப்பல. பஸ், டிக்கெட், ரெண்டு டீ, ஒரு பஜ்ஜித் தட்டு எல்லாம் சேர்த்து 140 ரூபாய். வெள்ளிக்கிழமை லீவு, மறந்துட்டுப் போயிடாதீங்க. அதே வளாகத்துல கன்னிமாரா நூலகம், 1896-ல திறந்தது. அதையும் சேர்த்துப் பாத்துட்டு வாங்க.

அடுத்த வாரம் பரங்கிமலை. நம்ம செயின்ட் தாமஸ் மவுண்ட். மேல பழைய மாதா கோயில். 130-க்கு மேல படி இருக்கு. ரோடும் இருக்கு, முழங்கால் வலிக்காரங்களுக்கு ஆட்டோ மேல வரைக்கும் போகும். நாங்க ஏறும்போது ஆட்டோ, இறங்கும்போது படி. மேல மரத்தடியில உக்காந்தா மீனம்பாக்கம் ரன்வே கண்ணுக்கு நேரா தெரியும். ஒவ்வொரு விமானமா வந்து இறங்கும். எங்க அம்மா அதுவரைக்கும் விமானத்துல போனதில்ல. எண்ணிக்கிட்டே இருந்தாங்க. பதினேழு.

கோடு எழுதுற மக்களுக்கு இந்த மலையில இன்னொரு விஷயம் இருக்கு. 1802 ஏப்ரல் 10-ம் தேதி, வில்லியம் லாம்டன்னு ஒருத்தர் இந்த மலைப் பக்கத்துச் சமவெளியில நிலத்தை அளக்க ஆரம்பிச்சார். கையில 100 அடி எஃகுச் சங்கிலி. முதல்ல ஒரே ஒரு நேர்கோடு, சுமார் 12 கிலோமீட்டர். அதை அளக்க 57 நாள். வெயில்ல எஃகு நீளும், அதனால வெப்பத்தைக் குறிச்சு வச்சு, கணக்கைத் திருத்தித் திருத்தி அளந்தாங்க. அந்த ஒரு கோட்டுல முக்கோணம், அது மேல இன்னொரு முக்கோணம்னு அடுக்கிக்கிட்டே வடக்க போய், கடைசியில இமயமலை உயரத்தைக் கணக்குப் போட்டது அந்த சர்வேதான். எவரெஸ்ட்டுக்குப் பேர் கொடுத்தவர் லாம்டனுக்கு அடுத்து அந்தப் பொறுப்புக்கு வந்த அதிகாரி. முதல் கோட்டுல தப்பு வந்திருந்தா மேல எல்லாமே தப்பு. லாம்டன் சிலை ஒண்ணு மலை மேல இருக்கு. டெஸ்டிங் டீம் ஆளுங்க எல்லாரும் ஒரு தடவை போய் கும்பிட்டுட்டு வரலாம்.

பொங்கலப்போ தேடிப் போக வேண்டிய அவசியமே இல்ல. 'சென்னை சங்கமம்'னு அரசு நடத்துற நாட்டுப்புறக் கலை விழா ஊர்ல பல இடத்துல நடக்கும், இலவசம். கரகம், பறையாட்டம், தேவராட்டம். தேவராட்டம் பாத்ததும் அம்மா, "இது நம்ம பக்கத்து ஆட்டம்யா!"ன்னு பக்கத்துல இருந்தவங்களுக்கெல்லாம் விளக்க ஆரம்பிச்சுட்டாங்க. மார்கழியில சபாக்கள்ல காலை, மத்தியானக் கச்சேரி நிறைய இலவசமா நடக்கும். ஜனவரியில புத்தகக் கண்காட்சி. ஆனா அங்க 200 ரூபாய் ரூலைக் காப்பாத்துறது உங்க சாமர்த்தியம்.

பிப்ரவரி முதல் வாரம் பள்ளிக்கரணை. இதைச் சொல்ல எனக்கே வெக்கமா இருக்கு. ரெண்டு வருஷமா தினமும் ஆபீஸ் கேப்ல துரைப்பாக்கம் ரேடியல் ரோடு வழியா போயிருக்கேன். ஜன்னலுக்கு வெளிய அந்தச் சதுப்பு நிலம்தான். ஒரு நாள் கூடத் தலையைத் தூக்கிப் பாத்ததில்ல. அன்னைக்கு காலையில ஏழு மணிக்கு பஸ்ல போய் ரோட்டோரமா நின்னோம். முதல்ல நாமக்கோழி, அப்புறம் கூழைக்கடா. தூரத்துல தண்ணிக்குள்ள வெளிர் ரோஸ் கலர்ல ஏதோ கோடு மாதிரி. கேமரா ஸூம்ல பாத்தா பூநாரைங்க. நூறுக்கு மேல இருக்கும். பள்ளிக்கரணை 2022-ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்த சதுப்பு நிலம். ஒரு பக்கம் பெருங்குடி குப்பை மேடு, இன்னொரு பக்கம் எங்களை மாதிரி ஆளுங்க வேலை பாக்குற கண்ணாடிக் கட்டடம். நடுவுல மிச்சம் இருக்கிற இடத்துல அந்தப் பறவைங்க.

அம்மா கேட்டாங்க. "இதுங்களுக்கு எப்படிய்யா வழி தெரியுது? இம்புட்டுக் கட்டடத்துக்கு நடுவுல?" என்கிட்ட பதில் இல்ல. அன்னைக்குச் செலவு, டீயோட சேர்த்து 64 ரூபாய்.

கடைசி சனிக்கிழமை மெரினா. மறுநாள் அம்மாவுக்கு ஊருக்கு ரயில். வேளச்சேரியில பறக்கும் ரயில் ஏறி கலங்கரை விளக்கம் ஸ்டேஷன்ல இறங்கி, மெதுவா நடந்து, உழைப்பாளர் சிலை வரைக்கும் ஷேர் ஆட்டோ. நாலு பேர் சேர்ந்து பாறையை நெம்புற அந்தச் சிலையை நாம எல்லாரும் பாத்திருப்போம். 1959-ல வச்சது, செஞ்சவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. இதே ஊர்க் கடற்கரையிலதான் 1923-ல சிங்காரவேலர் இந்தியாவோட முதல் மே தினத்தைக் கொண்டாடினார். இதையெல்லாம் நான் அம்மாவுக்கு வரிசையா சொல்லிக்கிட்டே வர்றேன். அம்மா மணல்ல உக்காந்து சுண்டலைப் பிரிச்சாங்க. அப்புறம் என்னைப் பாக்காம கடலைப் பாத்துக்கிட்டே கேட்டாங்க.

"ஏய்யா, வேலை எப்பய்யா போச்சு?"

நான் சுண்டலை மெல்லவும் இல்ல, முழுங்கவும் இல்ல.

"ம்மா... எப்படித் தெரியும்?"

"ஆபீஸ்ல மத்தியானச் சாப்பாடு சும்மா போடுறாங்க, விதவிதமா போடுறாங்கன்னு ரெண்டு வருஷமா போன்ல பீத்திக்கிட்டே இருந்த. நான் வந்த நாள்ல இருந்து டப்பா கட்டிக் கேக்குற."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். அந்த மால்லயே கேட்டுருப்பேன். அங்கதான் உக்காரவே விடலையே."

ரெண்டு பேரும் சிரிச்சோம். கொஞ்ச நேரம் கழிச்சு அம்மா இன்னொண்ணு சொன்னாங்க. நான் சின்னப் பையனா இருந்தப்போ அப்பா வேலை பாத்த மில்லை மூடிட்டாங்க. ஆறு மாசம். தினமும் காலையில டிபன் தூக்கோட கிளம்பி, பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்துட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வருவாராம். "எனக்குத் தெரியும்னு உங்க அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. ஒரு நாள் காய்கறி வாங்கப் போகையில பாத்தேன். பாக்காத மாதிரி திரும்பி வந்துட்டேன். இப்பத் தோணுது, போய் பக்கத்துல உக்காந்திருக்கலாம்."

இதை எபிசோடுல சொல்லலாமான்னு அம்மாகிட்ட கேட்டேன். "சொல்லு, யாராவது பக்கத்துல உக்காரட்டும்"னாங்க.

மார்ச்ல வேற வேலை கிடைச்சுது. முதல் சம்பளம் வந்ததும் ஃப்ரெண்ட்ஸோட எங்க போனேன்னு நினைக்கிறீங்க? அதே மால்தான். மாலைத் திட்டுறது என் வேலை இல்ல, ஏசி நல்லாத்தான் இருக்கு. ஆனா மாசத்துல ரெண்டு சனிக்கிழமை அந்த 200 ரூபாய் ரூலை இன்னும் விடல. மார்ச்ல ஒரு நாள் ராத்திரி ஆமை நடை போயிட்டு வந்தேன். 1988-ல இருந்து மாணவர்களே நடத்துற ஒரு அமைப்பு, ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் நீலாங்கரை, பெசன்ட் நகர் கடற்கரையில ராத்திரி நடந்து, பங்குனி ஆமை முட்டைங்களைப் பத்திரமா எடுத்துப் பொரிப்பகத்துல வைக்கிறாங்க. வார இறுதியில நம்மளும் கூட நடக்கலாம். 2025 ஜனவரியில சென்னைக் கரையில நூத்துக்கணக்குல ஆமைங்க செத்து ஒதுங்கினதைப் பாத்திருப்பீங்க. அதைப் பத்தி ஸ்டேட்டஸ் போட்ட எல்லாரும் ஒரு ராத்திரி நடந்து பாருங்க.

இப்போ கொஞ்சம் நேர்மையா பேசுவோம். சும்மா கிடைக்கிற இடம்னா குறை இல்லாம இருக்காது. பறக்கும் ரயில் ஸ்டேஷன் சிலது ராத்திரியில ஆளில்லாம இருட்டா கிடக்கும், பாத்துப் போங்க, முக்கியமா தனியா போற பொண்ணுங்க. வயசானவங்களைக் கூட்டிட்டுப் போனா முதல்ல கழிப்பறை எங்க இருக்குன்னு விசாரிச்சுக்கோங்க. நூலகம், மியூசியம்னா கவலை இல்ல, கடற்கரையில கஷ்டம். சர்க்கர நாற்காலியில வர்றவங்களுக்கு மெரினாவுல 2022-ல மரப்பாதை போட்டிருக்காங்க, கடலுக்குப் பக்கத்துலயே போகலாம். மெரினாவுல காலை நனைங்க, குளிக்க இறங்காதீங்க. அலை இழுத்துட்டுப் போயிடும், வருஷா வருஷம் உயிர் போகுது. ரேடியல் ரோட்ல வண்டி வேகமா வரும், ஓரமா நில்லுங்க. நேரமும் விடுமுறை நாளும் மாறும், கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கோங்க. ஏப்ரல், மே வெயில்ல இதெல்லாம் காலையில எட்டு மணிக்குள்ள முடிக்கிற மாதிரி வச்சுக்கோங்க.

அப்புறம் ஒண்ணே ஒண்ணு. இந்த எபிசோடைக் கேக்கிறவங்கள்ல யாராவது இப்போ காலையில பையைத் தூக்கிக்கிட்டு எங்க போறதுன்னு தெரியாம கிளம்புறீங்கன்னா, கோட்டூர்புரம் போங்க. நாற்காலி இருக்கும். வீட்டுலயும் சொல்லிடுங்க. அவங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும்.

உங்க ஏரியாவுல எதுவும் வாங்காம உக்காரக்கூடிய இடம் எது? வாய்ஸ் நோட் அனுப்புங்க. மதுரை, கோவை, திருச்சி மக்களும் அனுப்பலாம், சென்னைக்காரங்க மட்டும்தான்னு இல்ல. அடுத்த எபிசோடுல உங்க குரலையே போடுறேன். அதுவரைக்கும் டேக் கேர் மக்களே, பை.